அறுவைக்குப் பின் வரும் முதல் இரவு

மூட்டு மாற்று, இடுப்பு எலும்பு முறிவு, வயிற்று அறுவை போன்றவற்றுக்குப் பிறகு வலி தணிய மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் முதலிய ஓபியாய்டு மருந்துகளைத் தருகிறார்கள். இவை தேவையான மருந்துகள்தான். வலியோடு கிடக்கும் முதியவர் ஆழமாக மூச்சிழுக்க மாட்டார், இரும மாட்டார். நெஞ்சில் சளி தேங்கி நிமோனியாவில் போய் முடியும். ஆகவே மருந்தே வேண்டாம் என்று மறுக்காதீர்கள். ஆனால் இதே மருந்துகள் மூச்சையும் மந்தமாக்கும் என்பதைத் துணைக்கு இருப்பவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளைத்தண்டு அதை உணர்ந்து மூச்சை வேகப்படுத்தும். தூங்கும்போதும் நம்மைக் காப்பது இதுதான். ஓபியாய்டு இந்த உணர்வை மழுங்கடிக்கிறது. மூச்சு மெதுவாகும், மேலோட்டமாகும், சில நேரம் நின்று நின்று வரும். தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதையும் குறுகும். இத்தனை நடந்தும் நோயாளி திணற மாட்டார், கைகால் உதற மாட்டார். பார்ப்பவருக்கு அவர் அசந்து தூங்குவதாகவே தோன்றும். என்னைக் கேட்டால், இந்த ஆபத்தில் மிகக் கொடியது இந்த அமைதிதான்.

முதியவர்களுக்கு இந்த ஆபத்து ஏன் அதிகம்? மார்ஃபின் கல்லீரலில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருளுக்கும் மார்ஃபினின் வீரியம் உண்டு. அது சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். வயதானவரின் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் அது உடலில் தங்கிவிடுகிறது. தசை மெலிந்தவர்களுக்கு, சிறுநீரகத்தின் திறனை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் அளவு சரியாக இருப்பதுபோல் காட்டினாலும் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம்.

2020-இல் வெளியான ‘ப்ராடிஜி’ ஆய்வில், அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் பொது வார்டுகளில் ஓபியாய்டு பெற்ற 1,335 பேரின் மூச்சைக் கருவிகள் தொடர்ந்து பதிவு செய்தன. 46 சதவீதத்தினருக்கு ஒரு முறையாவது மூச்சு மந்தமாகியிருந்தது. 60 வயதைக் கடந்தவர்கள், ஆண்கள், முன்பு ஓபியாய்டு எடுத்துப் பழகாதவர்கள், தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்கள், நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கே ஆபத்து கூடுதல். குறட்டை அந்த மூச்சுத்தடையின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், அறுவைக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் அதைப் பற்றிச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை, அல்பிரசோலம், நரம்பு வலிக்கான பிரீகாபலின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். ஓபியாய்டோடு சேர்ந்தால் இவை மூச்சை இன்னும் அடக்கும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறதே என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கும்போது, மூச்சு குறைந்தாலும் அந்த எண் வெகுநேரம் இறங்காது. உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். அதைக் காட்டுவது கேப்னோகிராபி என்ற வேறு கருவி. எல்லா வார்டிலும் அது இருக்காது.

ஆகவே கண்ணால் பாருங்கள். தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பத்துக்குக் கீழே போனாலும், குறட்டை நடுவில் அறுபட்டாலும், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகினாலும் உடனே தட்டி எழுப்பி நர்ஸைக் கூப்பிடுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம். வலி மருந்துக்கான பொத்தானைக் கையில் கொடுத்திருந்தால் நோயாளி மட்டுமே அதை அழுத்தலாம். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் அழுத்த மாட்டார். அதுவே அவருக்குப் பாதுகாப்பு. பாசத்தால் நீங்கள் அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

மூச்சு அடங்கினால் மீட்க நலாக்சோன் ஊசி இருக்கிறது. நிமிடங்களில் வேலை செய்யும். ஆனால் மார்ஃபின் தணிவதற்கு முன்பே அதன் பலன் தீர்ந்துவிடலாம். ஊசிக்குப் பிறகு நோயாளி கண் விழித்துப் பேசினாலும், அடுத்த சில மணி நேரம் அவரைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.