வெள்ளம் வடிந்த பிறகு...

வெள்ளம் என்றாலே நம் நினைவுக்கு வருவது கிளந்தானும் திரங்கானுவும்தான். ஆண்டிறுதிப் பருவமழை, படகு, பள்ளி மண்டபத்தில் தங்கியிருக்கும் குடும்பங்கள் எனத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிவிட்டோம். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்துக்குரிய மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தபோதுதான், வெள்ளம் நம் வாசலுக்கும் வரும் என்பது பலருக்கு உறைத்தது. ஷா ஆலாமில் தாழ்வான பகுதியில் உள்ள தாமான் ஸ்ரீ மூடா மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் இடம் அது. கீழ்த்தளங்கள் மூழ்கிவிட, மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று படகுக்காகக் காத்துக் கிடந்தார்கள். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நீர் வடியத் தொடங்கியதும், பேரவையில் என்னோடு இருந்த முன்னாள் மாணவர்கள் சிலரோடு ஒரு லாரி பிடித்துக்கொண்டு கிளம்பினேன். அந்த லாரியில் இருந்தவற்றை இன்றும் ஒப்பிப்பேன். அரிசி, மேகி மீ, சார்டின் டின், போத்தல் தண்ணீர், பழைய துணி மூட்டைகள். பொருள் பட்டியலைத் தயாரித்த எழுவரில் மூவர் பெண்கள். நானும் அதில் ஒருத்தி.

துயர் துடைப்பு மையமாக மாறியிருந்த ஒரு பள்ளி மண்டபத்தில் பொருள்களை இறக்கினோம். பதினான்கு, பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மட்டும் வரிசைக்கு வராமல் தூணோரமாக நின்றாள். இடுப்பைச் சுற்றி ஒரு குளிர்சட்டையைக் கட்டியிருந்தாள். "என்ன தங்கச்சி வேணும்?" என்று கேட்டேன். "ஒன்னும் இல்லக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டாள். சற்று நேரம் கழித்து அவள் அம்மா என்னைத் தனியே அழைத்து, "பேட் இருக்காம்மா? மூனு நாளா கிழிஞ்ச துணியத்தான் வச்சிக்கிட்டு இருக்கா. மேசையில எல்லாம் ஆம்பளைங்க, எப்படிப் போய்க் கேக்குறது?" என்றார்.

எங்கள் லாரியில் ஒன்றுகூட இல்லை. மாதாமாதம் கடையில் வாங்குகிற எனக்கே அது தோன்றவில்லை! வெட்கத்தோடு பக்கத்து ஊர்க் கடைக்கு ஓடினேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வெட்கம்தான்.

பேரிடர்க் காலத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை கழிவறை என்பதற்கெல்லாம் உலக அளவில் வரையறைகள் உண்டு. நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் கையேட்டின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, மாதவிடாய்க் காலத்துப் பெண் ஒருவருக்கு மாதம் 15 பேட், அதோடு உள்ளாடை, கூடுதல் சவர்க்காரம் என்று கணக்குச் சொல்கிறது. பொதுவிடத்தில் ஆண்களுக்கு ஒரு கழிவறை என்றால் பெண்களுக்கு மூன்று வேண்டும். உள்ளே தாழ்ப்பாளும் வெளிச்சமும் இருக்க வேண்டும் என்கிறது. தாழ்ப்பாள் அற்ப விஷயமாகத் தெரியலாம். இரவில் இருண்ட கழிவறைக்குப் போக அஞ்சி, மாலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் படுக்கும் பெண்களிடம் கேட்டால்தான் அதன் அருமை தெரியும். பேட் வந்து சேர்ந்தாலும் அதைக் கொடுக்கும் மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி பிரிபடாமலே கிடக்கும்.

அடுத்த சில வாரங்களில் வீடு வீடாகப் போனபோதுதான் இன்னொன்று விளங்கியது. நிவாரணம் பெரும்பாலும் "குடும்பம்" என்ற கணக்கில்தான் வருகிறது. மத்திய அரசு ஒரு குடும்பத்துக்கு 1,000 வெள்ளி கொடுத்தது. சிலாங்கூர் மாநில அரசும் 1,000 வெள்ளி கொடுத்தது. வரவேற்க வேண்டிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் குடும்பம் என்றால் குடும்பத் தலைவர், தலைவர் என்றால் பெரும்பாலும் கணவர். நாங்கள் சந்தித்த ஒரு தனித்து வாழும் தாயின் கணவர் பிரிந்து போய் ஆறு ஆண்டுகளாகின்றன. சட்டப்படி மணமுறிவு ஆகவில்லை. தண்ணீர் ரசீதும் மின்சார ரசீதும் இன்னும் அவர் பெயரில்தான் வருகின்றன. "தலைவரக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாங்க. அவரு எங்க இருக்காருன்னு எனக்கே தெரியாது தங்கச்சி." அவருடைய அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் சேற்றோடு போய்விட்டிருந்தன. வெள்ளத்தில் தொலைத்தவர்களுக்குப் பதிவு இலாகா கட்டண விலக்கு அளிக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு எங்கே போய் வரிசையில் நிற்பது? எங்களில் ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் அவருடன் அலுவலகம் அலுவலகமாக நடந்தார். அன்று நாங்கள் செய்தது அவ்வளவுதான். பத்து மூட்டை அரிசியைவிட அது அவருக்குப் பயன்பட்டது என்பது என் கருத்து.

இனி, கண்ணுக்குத் தெரியாத இழப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வெள்ளத்தால் ஏற்பட்ட மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி எனப் புள்ளிவிவர இலாகா மதிப்பிட்டது. குடியிருப்புகளுக்கு 160 கோடி, வாகனங்களுக்கு 100 கோடி, வணிக இடங்களுக்கு 50 கோடி என்று அது பிரித்துக் காட்டியது. நம் வீட்டுப் பெண்களின் தொழில் இதில் எந்தப் பிரிவில் அடங்கும்? கூடத்து மூலையில் ஒரு தையல் இயந்திரம், சமையலறையில் ஒரு பெரிய கிரைண்டர், முறுக்கு அச்சு, நான்கு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கும் மேசை. பதிவும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. வெள்ளம் அவற்றை அடித்துப்போனால் அது "வீட்டுச் சாமான்" ஆகிவிடுகிறது. வீட்டுக்காரர் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பிவிடுவார். தையல் இயந்திரம் துருப்பிடித்த அக்காவுக்குத் திரும்பிப் போக வேலையிடம் ஏது? ஆகவே இரண்டாம் முறை போனபோது, "என்ன தொலைஞ்சது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எதை வச்சுச் சம்பாதிச்சீங்க?" என்று கேட்டோம். பட்டியலே மாறிவிட்டது.

சுத்தம் செய்யும் வேலையும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. முழங்கால் சேற்றில் வெறுங்காலோடு நின்று வாரினார்கள். எலியின் சிறுநீர் கலந்த வெள்ள நீர், காலில் உள்ள சிறு கீறல் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரக்கூடும். ரப்பர் காலணியும் கையுறையும் நன்கொடையாக வரத்தான் செய்தன. ஆனால் வந்தவையெல்லாம் ஆண்கள் அளவு!

மாணவிகளைப் பற்றி நம் பேரவை உறுப்பினர்கள் அவசியம் அறிய வேண்டும். கோவிட் தொற்றால் தள்ளிப்போன 2021ஆம் ஆண்டு எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு 2022 மார்ச் மாதம்தான் தொடங்கியது. அதாவது வெள்ளம் வந்தபோது தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. புத்தகங்கள் ஊறிப் பொதபொதவென்று கிடந்தன. தம்பி தங்கையைப் பார்ப்பது, பாட்டிக்கு மருந்து கொடுப்பது, சேறு கழுவுவது எல்லாம் மூத்த மகளுக்கு. அண்ணனுக்கும் அதே தேர்வுதான் என்றாலும் அவனை "போய்ப் படிடா" என்பார்கள். நோட்டுகளைப் படியெடுத்துக் கொடுத்தோம். அதைவிட, வார இறுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து படிக்க இடம் கேட்டு வாங்கியதுதான் பலன் தந்தது. சின்னப் பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்று சொன்னோம். அப்படிச் சொன்ன பிறகே அந்தப் பெண்கள் வந்தார்கள்.

தையல் இயந்திரம் துருப்பிடித்த அக்காவுக்கு முன்னாள் மாணவர்களிடம் பணம் திரட்டிப் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். 2022 பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "ஊசி ஒடிஞ்சி போச்சிம்மா. இங்க கடையெல்லாம் இன்னும் தொறக்கல. வர்றப்ப பதினாறாம் நம்பர் ஊசி ஒரு பாக்கெட் வாங்கிட்டு வர்றியா? எட்டு ரவிக்கை நிக்குது."