ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்கா?

ஜொகூர் தோட்டங்களில் இளையோருக்கு மேசைப்பந்துப் போட்டி நடத்தப் போகும் தோழர்களே, ஒரு வார்த்தை!

'தோற்றவர் வெளியே' என்று நடத்தினால், 16 பேரில் 8 பேர் முதல் சுற்றோடு சரி. லாயாங் லாயாங்கிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு குளுவாங் வந்த பையன், கால் மணி நேரத்தில் ஓரமாய்க் குந்திவிடுவான். அடுத்த வருஷம் கூப்பிட்டால், "எனக்கு வேணாண்ணே" என்பான். நாம் பார்த்திருக்கிறோம்.

வயது வாரியாகப் பிரித்தாலும் தீராது. பதினைந்து வயதில் முதன்முதலாக மட்டை பிடிப்பவனும் உண்டு. பத்து வயதில் பந்தைச் சுழற்றி அடிப்பவளும் உண்டு. முதல் நாள் மாலையே எல்லாரையும் ஆடவிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய சம பலமுள்ள நால்வர் ஒரு பிரிவு. ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டம் நிச்சயம். பிரிவுக்கு 6 வீதம் மொத்தம் 24 ஆட்டம். ஆட்டத்துக்கு 20 நிமிடம் என்றால், இரண்டு மேசையில் 4 மணி நேரம். 9 மணிக்குத் தொடங்கினால் பகல் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். பெரியவர்கள் பழைய 21 புள்ளிக் கணக்கில் இருக்க வேண்டாம். 2001 முதல் 11 புள்ளிதான்.

கிண்ணத்துக்காக வேண்டுமென்றே சொதப்பிக் கீழ்ப் பிரிவில் நுழையும் கில்லாடிகளும் உண்டு. கூட ஆடும் பிள்ளைகளைக் கேளுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்!

சென்னை சரத் கமல் 2006-இல் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். மறுபடி அதே தங்கத்தை வென்றது 2022-இல், நாற்பது வயதில். இடையில் 16 வருஷம் மேசையை விடவில்லை மனிதர்.

கடைசிப் பிரிவில் முதலாவதாக வரும் பிள்ளைக்கும் ஒரு கிண்ணம் வாங்கி வையுங்கள். பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுங்கள். தாய் தகப்பன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.