கடலில் ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம்?

கப்பல் பயணம்னு சொன்னா நமக்கு நீச்சல் குளம், பஃபே, டெக்ல சாய்வு நாற்காலி, இதெல்லாம்தான் ஞாபகம் வரும். இன்னைக்குப் பேசப்போற கப்பல் வேற ரகம். துறைமுகத்துல நின்னா ஊர் சுத்தலாம், கடலுக்குள்ள போயிட்டா கிளாஸ்!

'செமஸ்டர் அட் ஸீ' 1963-ல ஆரம்பிச்ச அமெரிக்கத் திட்டம். கல்லூரி மாணவர்கள் ஒரு செமஸ்டர் முழுக்கக் கப்பல்லயே தங்கிப் படிப்பாங்க. வகுப்புகள் பெரும்பாலும் கடல் நாட்கள்லதான். அதனால அங்க ஞாயித்துக்கிழமைக்குத் தனி மரியாதை இல்ல. ஏ நாள், பி நாள்னு பிரிச்சிருப்பாங்க. இன்னைக்கு ஒரு செட் பாடம், நாளைக்கு இன்னொரு செட்.

சரி, அந்த பிஸியான நாளுக்கு 24 மணி நேரம்தானான்னு கேட்டா, எப்பவும் இல்ல. தேதி, நேரம் சம்பந்தப்பட்ட கோடோட தினமும் மல்லுக்கட்டுற எனக்கு இதுதான் சுவாரசியமான இடம்.

கணக்கு சிம்பிள். பூமி 24 மணி நேரத்துல 360 டிகிரி சுத்துது, அதாவது ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி. நிலநடுக்கோட்டுல ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 60 கடல் மைல். மணிக்கு 20 கடல் மைல் வேகத்துல நேர் மேற்கா போனா ஒரு நாளைக்கு 480 கடல் மைல், அதாவது 8 டிகிரி. சூரியக் கணக்குல 32 நிமிஷ வித்தியாசம். அதனால கிட்டத்தட்ட ரெண்டு நாளுக்கு ஒரு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாத்த வேண்டியிருக்கும்.

மேற்கே போனா 25 மணி நேர நாள். கூடுதலா ஒரு மணி நேரத் தூக்கம். கிழக்கே போனா 23 தான். நம்மில் பெரும்பாலானவங்களோட உடல் கடிகாரம் 24 மணி நேரத்தை விடக் கொஞ்சம் நீளமா ஓடுறதால, கிழக்குப் பயணம்தான் கஷ்டம். காலை வகுப்பு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நிக்கும்.

மாணவர்களுக்கு இது கொட்டாவியோட போயிடும். மாலுமிகளுக்கு அப்படி இல்ல. 2006-ம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையோட ஓய்வு விதிப்படி, எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் குறைஞ்சது 10 மணி நேரம், ஏழு நாள்ல 77 மணி நேரம் ஓய்வு வேணும். இரவு 10-லிருந்து காலை 8 வரை ஒருத்தருக்கு ஓய்வுன்னு வைங்க. நடுராத்திரியில கடிகாரத்தை முன்னால தள்ளினா காகிதத்துல 10, உடம்புக்கு 9. அதனாலதான் கிழக்கே போகும்போது சில கப்பல்கள்ல பகல்லயே முள்ளை நகர்த்துறாங்க. நம்ம பாஷையில சொன்னா, ஓய்வைக் கணக்கிட உள்ளூர் நேரம் ஆகாது, யூடிசி வேணும்.

இந்தக் குழப்பம் புதுசும் இல்ல. மெகல்லன் குழுவுல மிஞ்சின 'விக்டோரியா' கப்பல் மேற்காவே உலகைச் சுத்தி, 1522 ஜூலையில கேப் வெர்டே தீவுக்கு வந்தது. கப்பல் கணக்குல அன்னைக்கு புதன், கரையில வியாழன். யாரும் தப்பா எண்ணல. தினமும் கொஞ்சம் நீண்ட நாட்கள் சேர்ந்து, மொத்தமா ஒரு நாளை விழுங்கியிருந்தது. இன்னைக்கு அந்தக் கணக்கை நேர் பண்றது சர்வதேச தேதிக் கோடு. மேற்கே போறவங்களுக்கு அங்க ஒரு தேதி காணாமப் போகும். அது உங்க பிறந்தநாளா இருந்தா, கேக்கை முந்தின நாளே வெட்டிடுங்க!

இப்படிப் படிக்கப் போற ஐடியா இருந்தா, எந்தெந்த ஊர்னு மட்டும் பார்க்காதீங்க. கடல் நாள் எத்தனை, கப்பல் எந்தத் திசையில போகுதுன்னும் பாருங்க. அசைன்மென்ட்டும் தூக்கமும் அதை வச்சுத்தான்.