செம்பும் மேய்ச்சலும்: தானா காப்பகமும் ஹிமா மரபும்

ஜோர்தான் நாட்டின் தெற்கே, தஃபீலா மாகாணத்தில், மலைமுகட்டை ஒட்டித் தொங்குவது போல் அமைந்துள்ள சிற்றூர் தானா. அரபியில் இப்பெயரின் முதலெழுத்து, ரமளான் என்னும் சொல்லில் வரும் ளாத். தமிழில் சொல்லின் முதலில் ளகரம் வாராது என்பதால், உலக வரைபடங்களில் பதிந்துவிட்ட தானா என்ற வடிவையே நாமும் கொள்கிறோம். இவ்வூரின் பெயரால் 1989ஆம் ஆண்டில் ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1966இல் தோன்றிய ஜோர்தான் அரச இயற்கைப் பாதுகாப்புக் கழகம் இதனை நிருவகித்து வருகிறது.

இக்காப்பகத்தின் சிறப்பு அதன் பரப்பில் இல்லை. அதன் சரிவில் இருக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் 1500 மீட்டர் உயரத்தில் தொடங்கும் நிலம், சில மணி நேர நடைத்தொலைவில், கடல்மட்டத்திற்கும் கீழே உள்ள வாதி அரபா பாலைவனத்தைச் சென்றடைகிறது. சாக்கடல் முதல் அகபா வரை நீளும் பெரும் நிலப்பிளவின் கீழ்க்கரை இது. மேலே சுண்ணாம்புப் பாறை, நடுவே செந்நிற மணற்பாறை, அடியில் ஃபைனான் பக்கம் கருங்கல் என, மலை தன் அடுக்குகளைத் திறந்து காட்டி நிற்கிறது. குளிர்காலத்தில் முகடுகளில் பனி பெய்யும். அதே நாளில் கீழே மணற்குன்றுகளின் மீது இதமான வெயில் காயும். மத்தியதரைக் கடற்பகுதி, ஈரானிய-தூரானியப் புல்வெளி, சஹாரா-அரேபியப் பாலை, சூடானிய வெப்பமண்டலம் ஆகிய நான்கு தாவர மண்டலங்கள் இந்த ஒரே பள்ளத்தாக்கில் சந்திக்கின்றன. கருவாலியும் ஜூனிப்பரும் மேலே நிற்க, வேல மரங்கள் கீழே நிற்கின்றன. பாரசீகக் கவிஞர்கள் ஓயாது பாடிய ஸர்வு என்னும் சைப்ரஸ் மரம் இயற்கையாக வளரும் தென்கோடி எல்லையும் இதுவே. இங்கே பதிவாகியுள்ள தாவர இனங்கள் 800க்கும் அதிகம். அவற்றுள் மூன்று, தானாவின் பெயரையே அறிவியற் பெயரில் தாங்கியவை. அம்மூன்றில் ஒன்று, நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்தது. பதன் என அரபுகள் அழைக்கும் நூபிய மலையாடு, ஓநாய், மணற்பூனை, சிரியச் செரின் என்னும் சிறு மஞ்சட்குருவி ஆகியவற்றுக்கும் இது புகலிடம்.

இனி மனிதர்களிடம் வருவோம். தானா ஊரார் அதாத்தா குலத்தினர். மலைச்சரிவில் படிக்கட்டுபோல் அமைந்த தோட்டங்களும் ஊற்றுநீரும் ஆட்டுமந்தைகளுமே அவர்களது வாழ்வு. பின்னர் அருகிலுள்ள ரஷாதிய்யாவில் சிமெண்டு ஆலை எழுந்தபோது, கூலி வேலையை நாடிப் பெரும்பாலோர் மேட்டுநிலத்துக் காதிஸிய்யாவுக்குக் குடிபெயர்ந்தனர். (இராக்கியப் போர்க்களமான காதிஸிய்யா வேறு.) பள்ளத்தாக்கின் அடியில் ஃபைனான் பகுதியில் வாழ்வோரில், 1948இல் நகப் பாலையிலிருந்து வெளியேற்றப்பட்ட அஸாஸிமா பதவீயரும் உண்டு. காப்பகம் வந்தபோது மேய்ச்சலுக்கு எல்லைகள் வகுக்கப்பட்டன. இடையர் பலருக்கு இது உவப்பானதாக இல்லை. இழப்பை ஈடுசெய்யப் பழம் உலர்த்துதல், அணிகலன், ஆட்டுத்தோல் கைத்தொழில், 2005இல் ஃபைனானில் திறக்கப்பட்ட விடுதி என மாற்று வருவாய்கள் ஏற்படுத்தப்பட்டன. நல்ல முயற்சிகளே. எனினும், விருந்தினருக்குத் தேநீர் ஊற்றுவதும் மந்தையின் உடைமையாளனாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

இவ்விடத்தில்தான் ஹிமா என்ற பழைய சொல்லை நாம் நினைவுகூர வேண்டியுள்ளது. இயற்கைக் காப்பகம் என்பது மேற்கிலிருந்து வந்த புதுமை என்றும், அதை முதலில் கண்டதே இஸ்லாம்தான் என்றும் இருவிதமாகப் பேசுவோர் உளர். இரண்டுமே அவசரக் கூற்றுகள். அறியாமைக் காலத்து அரபுத் தலைவன் ஒரு மேட்டில் நாயைக் குரைக்கவிட்டு, ஒலி எட்டும் தொலைவுவரை தன் மந்தைக்கே உரிய மேய்ச்சல் நிலம் எனத் தடுத்துக்கொள்வான் என இமாம் ஷாஃபிஈ (ரஹ்) விளக்குகிறார்கள். அதுவே அன்றைய ஹிமா. அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் அன்றி வேறெவருக்கும் ஹிமா இல்லை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, தனியொருவரின் தடுப்புரிமை வீழ்ந்தது. பொதுநலனுக்கான தடுப்பு மட்டும் நிலைத்தது. மதீனாவுக்கு அருகே அந்நகீஉ எனும் நிலம் முஸ்லிம்களின் குதிரைகளுக்காக ஒதுக்கப்பட்டது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ரபதாவை ஹிமாவாக்கியபோது, அதன் காவலராக நியமிக்கப்பெற்ற ஹுனைக்குக் கூறிய அறிவுரை புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவனை உள்ளே விடுக; இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளைத் தடுத்து நிறுத்துக என்பது அதன் சாரம். செல்வர்களுடைய கால்நடைகள் மடிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பும் வயலும் உண்டு. ஏழையின் ஆடு மடிந்தால் அவன் குழந்தைகளுடன் கலீஃபாவின் வாசலுக்கே வருவான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இன்று புல்லும் நீரும் கொடுப்பது எளிது என்று அவர்கள் காரணமும் கூறினார்கள். இது அம்மக்களின் நிலம், இதற்காக அவர்கள் போரிட்டிருக்கிறார்கள், நாம் அநீதி இழைத்ததாக அவர்கள் எண்ணக்கூடும் என்ற ஒப்புதலும் அந்த அறிவுரையிலேயே இருக்கிறது. நிலத்தைத் தடுக்கும் அதிகாரி, தடுக்கப்பட்டவனின் மனக்குறையை வாய்விட்டுச் சொன்ன ஆவணம் வேறொன்றை நாம் அறியோம்.

ஹிஜ்ரி 450இல் மறைந்த மாவர்தீ, தம் அல்-அஹ்காமுஸ் சுல்தானிய்யாவில் இதனைச் சட்டமாக வகுத்துரைக்கிறார். ஹிமாவிலோ தரிசு நிலத்திலோ மேய்ப்பதற்காக ஆளுநர் எவரும் கட்டணம் பெறலாகாது என்பது அவர் முடிவு. நீர், நெருப்பு, புல் ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற நபிமொழியே அதற்கு அடிப்படை. ஆக, ஹிமா என்பது வேலி மட்டுமன்று. வேலிக்குள் யார் முதலில் நுழையலாம் என்ற வரிசையும் ஆகும். ஜோர்தானிலேயே ஸர்கா ஆற்றுப் படுகையில் பனீ ஹாஷிம் மேய்ப்பர்கள் ஹிமா என்ற பெயரிலேயே தம் மேய்ச்சல் நிலத்திற்கு ஓய்வளித்துக் காத்து வருவதை இங்குக் குறிப்பிடலாம். தானாவில் வேலி இருக்கிறது. வரிசை இன்னும் தெளிவாகவில்லை என்பதே நம் கருத்து.

வேலிக்கும் ஆபத்து வந்தது. 2021 ஆகஸ்டில், காப்பகத்தின் ஒரு பகுதியில் செம்பு எடுப்பதற்காக எல்லையைத் திருத்த ஜோர்தான் அமைச்சரவை முடிவெடுத்தது. இயற்கைப் பாதுகாப்புக் கழகம் வெளிப்படையாக எதிர்த்தது; பொதுமக்களிடமும் கண்டனம் எழுந்தது. தஃபீலா வேலையின்மையால் வாடும் பகுதி ஆகையால், சுரங்கம் வேண்டும் என்போரின் குரலையும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

ஃபைனானுக்குச் செம்பு புதிதன்று. வெண்கலக் காலத்துக்கும் முன்பே அங்குச் செம்பு உருக்கினர். கிறிஸ்துவுக்கு முன் பத்தாம் நூற்றாண்டில் கிர்பத்துன் நஹாஸ் பெரும் உலைக்களமாக விளங்கியது. அப்பெயரின் பொருளே செம்பின் பாழிடம் என்பதாம். ரோமர் காலத்தில் அது தண்டனைச் சுரங்கமாகி, நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவக் கைதிகள் அங்கு அனுப்பப்பட்டனர். அய்யூபிகள் காலத்திலும் சிறிய அளவில் உலைகள் எரிந்தன; ஜோர்தான் பள்ளத்தாக்கின் சர்க்கரை ஆலைகளுக்கு வேண்டிய செப்புக் கொப்பரைகளுக்காக இருக்கலாம் என்பது ஆய்வாளர் துணிபு.

கனிமம் யாருக்கு என்பதையும் ஃபிக்ஹு நூல்கள் பேசாமலில்லை. மஃரிபின் உப்பளத்தை அப்யள் இப்னு ஹம்மாலுக்கு வழங்கிய நபி (ஸல்) அவர்கள், அது வற்றாத ஊற்றுநீர் போன்றது எனச் சொல்லப்பட்டதும் திரும்பப் பெற்றார்கள். வெளிப்படையான கனிமம் எல்லோருக்கும் பொது. பொன், வெள்ளி, செம்பு, இரும்பு போல் தோண்டி உழைத்துப் பெறும் மறைகனிமத்தைத் தனியொருவருக்கு வழங்கலாமா என்பதில் இரு கருத்துகள் உண்டு என மாவர்தீ எழுதுகிறார். தோண்டிய பின் எஞ்சுவது யாருக்கு என்பதை அன்று எவரும் கேட்க நேரவில்லை. ஃபைனானில் ஒன்றரை முதல் இரண்டு இலட்சம் டன் வரையிலான உலைக்கசடு இன்றும் கருமேடுகளாகக் கிடக்கிறது. பழைய உலைகளைச் சூழ்ந்த மண்ணிலும், அதில் முளைக்கும் செடிகளிலும், அவற்றை மேயும் ஆடுகளின் உடலிலும் ரோமர் விட்டுச்சென்ற ஈயமும் செம்பும் தங்கியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.