முற்றத்து நீரும் காலில் உள்ள புண்ணும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தை எந்த வீட்டு வடிகாலும் தாங்காது. ஆனால் தட்டாஞ்சாவடியில் சாதாரண ஐப்பசி மழைக்கே கொல்லையில் நாள்கணக்கில் நீர் நிற்குமானால், அதனைச் சீர்செய்ய இயலும்.

காலில் புண்ணோடு வீடு திரும்பும் நீரிழிவு நோயாளிகளை எண்ணியே இதனை வலியுறுத்துகிறோம். எலியின் சிறுநீர் கலந்த நீர் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். அறிகுறிகள் பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களில் தோன்றும். காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ கண்டால் உடனே மருத்துவரை அணுகி, தேங்கிய நீரில் நடந்ததையும் கூறுங்கள்.

வீட்டார் ஒருவர் ஓரடி ஆழத்தில் குழி தோண்டி நீர் நிரப்பட்டும். மறுநாளும் அது வற்றாவிடில் அங்கே களிமண்ணோ உயர்ந்த நிலத்தடி நீரோ இருக்கலாம். உறிஞ்சுகுழி வீண் செலவு. சரிவே வழி. சுவரிலிருந்து 10 அடிக்கு இரண்டரை அங்குலம் தாழுமாறு மண்ணை அமைத்து, தெருவோர மழைநீர் வாய்க்காலுக்கு நீரை விடுங்கள். கழிவுநீர்க் குழாயில் இணைத்தால் அது பெருமழையில் வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வரும். பக்கத்து வீட்டுக் கொல்லைக்குத் திருப்பிவிடுவதை வடிகால் என்று நாங்கள் கருதுவதில்லை.

முழு வேலைக்கும் பணம் போதாதெனில், நோயாளி கழிவறைக்குச் செல்லும் பாதையை மட்டுமாவது முதலில் மேடாக்குங்கள். செங்கற்களை வெறுமனே அடுக்காதீர்கள், அவை ஆடும்.