பிள்ளையின் தாடை அகலம்: பார்க்க வேண்டிய வயது எது?



பிள்ளைக்குப் பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைத்தால், "எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், பெரிய பிள்ளையானதும் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் தாடையின் அகலம் நமக்காகக் காத்திருப்பதில்லை.

முகம் அகலத்திலும், முன்னோக்கியும், உயரத்திலும் வளர்கிறது. தாடையைப் பொறுத்தவரை முதலில் வளர்ந்து முடிவது அகலம்தான். கீழ்த்தாடையில் இரண்டு கோரைப் பற்களுக்கு நடுவிலுள்ள அகலம் 9, 10 வயதுக்குப் பிறகு கூடுவது மிகக் குறைவு. மேல்தாடை இன்னும் கொஞ்ச காலம் அகலும். ஏனென்றால் அண்ணத்தின் நடுவில் இரண்டு எலும்புகள் சேரும் பொருத்து சிறு வயதில் இறுகியிருப்பதில்லை.

இதை அளப்பது எப்படி? கன்றுக்காட்டில் பால்மரத்தின் சுற்றளவை நாடா வைத்து அளந்து பார்த்துத்தான் வெட்டுக்கு விடுகிறார்கள் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். பல் டாக்டர் பிள்ளையின் வாயில் அச்செடுத்து, ஜிப்சம் சாந்தில் பல்வரிசையை வார்ப்பார். பிறகு இடது, வலது கடைவாய்ப் பற்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை அளவுக்கருவியால் மில்லிமீட்டர் கணக்கில் குறிப்பார். தேவைப்பட்டால் முகத்தை நேராக எக்ஸ்ரே எடுத்து எலும்பின் அகலத்தையும் பார்ப்பார். வளர்ச்சி தெரிய ஒரு தடவை அளந்தால் போதாது. சில மாதம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். ஆகவே, அழைத்த தேதிக்குப் போகத் தவறாதீர்கள்.

வீட்டில் அடிக்கோல் வைத்து அளக்க வேண்டாம். 7, 8 வயதுப் பிள்ளையைப் பின்பற்களால் கடிக்கச் சொல்லிப் பாருங்கள்:

1. பிஸ்கட் டின்னின் மூடி டின்னுக்கு வெளியே உட்காருவதுபோல, மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே விழுந்தால் மேல்தாடை குறுகலாக இருக்கலாம்.

2. வாய் மூடும்போது முகவாய் ஒரு பக்கமாகப் போகிறதா?

3. தூங்கும்போது குறட்டையா, எப்போதும் வாயால் மூச்சா? அப்படியானால் மூக்கையும் தொண்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

4. இன்னும் விரல் சூப்புகிறதா? கன்னம் அழுத்தி மேல்தாடை குறுகும். அடிக்காமல், நயமாகச் சொல்லி நிறுத்துங்கள்.

இன்னொன்று. "பால்பல்தானே" என்று சொத்தைக் கடைவாய்ப் பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கச் சொல்லாதீர்கள். அது போனால் பின்பல் முன்னால் நகர்ந்து, புதுப்பல்லின் இடத்தை எடுத்துக்கொள்ளும். அடைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

குறுகலைச் சிறு வயதில் கண்டுபிடித்தால், அண்ணத்தில் திருகு வைத்த கருவியைப் பொருத்துவார்கள். டாக்டர் சொன்ன கணக்குப்படி, பெற்றோரே சிறு சாவியால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகலாம். பெரும்பாலும் ஒரு திருகுக்குக் கால் மில்லிமீட்டர் அகலும். நடுப்பொருத்து இறுகிய பிறகு அவ்வளவு சுலபமில்லை. வயது வந்தவர்களுக்கு ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம்.

கோணல் பல் எல்லாவற்றுக்கும் கருவி வேண்டும் என்பதில்லை. வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பல் டாக்டர் சொல்லட்டும். பள்ளிக்கு அரசாங்கப் பல் சிகிச்சைக் குழு வந்து கடிதம் கொடுத்தனுப்பினால், அதைப் பையிலேயே கிடக்க விடாதீர்கள். ஒருநாள் வேலை போகுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் இன்று ஒருநாளில் முடிகிற காரியம், பத்து வருஷம் கழித்துப் பல நாள் சம்பளத்தைக் கேட்கும்.