"கொலஸ்ட்ரால் 178 தான், நார்மல்": ஒரு பிபி நோயாளியின் ரிப்போர்ட்

போன மாதம் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு ரத்த ரிப்போர்ட் அனுப்பினார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை, வயது 52, ஆறு வருடமாக பிபி மாத்திரை. கூடவே ஒரு வரி: "கொலஸ்ட்ரால் 178 தான் மாப்ள. நார்மல்."

முழுசா பார்த்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 178, ஹெச்டிஎல் 32, டிரைகிளிசரைடு 260, எல்டிஎல் 94. மொத்தம் 200-க்குள் இருப்பதால் நிம்மதியாகத் தெரிகிறது. சிக்கல் மற்ற எண்களில் இருக்கிறது.

பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். 1972-இல் ஃப்ரீடுவால்ட் குழு தந்த சூத்திரம் இது: மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கணும். 178 − 32 − 52 = 94. ஆக, நல்ல கொழுப்பு குறைந்து டிரைகிளிசரைடு ஏறியிருந்தாலும் மொத்தமும் எல்டிஎல்லும் சாதுவாகவே தெரியும்.

இதைவிட எளிய கணக்கு ஒன்று உண்டு. மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லை மட்டும் கழியுங்கள்: 146. ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாக் கொழுப்புத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கும். எல்டிஎல் 100-க்குள் இருக்க வேண்டியவருக்கு இந்த எண் 130-க்குள் இருக்கணும்.

மாமா விதிவிலக்கு இல்லை. தமிழ்நாடும் சேர்ந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் முதல் கட்டக் கொலஸ்ட்ரால் முடிவுகள் 2014-இல் வந்தன. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். ஆனால் ஹெச்டிஎல் குறைந்தவர்கள் 72.3 சதவீதம், டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 சதவீதம். ஒரு முக்கியக் காரணம் நம்ம தட்டு. வெள்ளைச் சோறு, இட்லி, சர்க்கரை போட்ட டீ என்று தேவைக்கு மேல் போகும் மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றுகிறது. முட்டையை மட்டும் நிறுத்திவிட்டுச் சோற்றை அதே அளவு சாப்பிட்டால் இது இறங்காது.

பிபிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கூடுதல் அழுத்தம் ரத்தக்குழாயின் உள்சவ்வைச் சேதப்படுத்துகிறது. அந்த இடத்தில் கொழுப்பு எளிதாக நுழைகிறது. 2003-இல் வெளியான ஆஸ்காட் ஆய்வில், பிபியோடு வேறு ஆபத்துக் காரணிகளும் இருந்த 10,305 பேர் கலந்துகொண்டார்கள். யாருக்கும் கொலஸ்ட்ரால் சுமார் 250-ஐத் தாண்டவில்லை. பாதிப் பேருக்கு அடோர்வாஸ்டாடின் 10 மி.கி., மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மூன்று வருடம் சொச்சத்தில் மாரடைப்பும் இதயநோய்ச் சாவும் 3 சதவீதத்திலிருந்து 1.9 சதவீதமாகக் குறைந்தன. எண்கள் சின்னவைதான், ஆனால் "நார்மல்" என்று அனுப்பிவைக்கப்பட்டிருக்கக்கூடிய பலரும் அதில் இருந்தார்கள்.

இன்னொன்று: அடெனோலால் மாதிரி சில பிபி மாத்திரைகளும், தயசைடு வகை நீர் மாத்திரைகளும் டிரைகிளிசரைடைக் கொஞ்சம் ஏற்றலாம். அதுக்காக மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்கலாம், அவ்வளவுதான்.

மாமாவுக்கு போன் போட்டேன். நைட் ஷிப்ட் முடிந்து, கேண்டீனில் டிபன் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தாராம்! சாப்பிட்டதும் டிரைகிளிசரைடு ஏறும். ஆனால் ஹெச்டிஎல் 32-க்கு டிபனைக் குறை சொல்ல முடியாது. வீக் ஆஃப் அன்று 10 மணி நேரம் வெறும் வயிற்றோடு மறுபடி எடுக்கச் சொன்னேன். கூடவே சர்க்கரை, தைராய்டு. அந்தத் தாளை மாதாமாதம் பிபி மாத்திரை வாங்கும் இடத்திலேயே டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

"அப்ப நார்மல் இல்லையா மாப்ள?"

"மொத்தம் நார்மல் மாமா. மிச்சத்தை யாரும் பார்க்கல."